கப்பலில் வந்துகொண்டிருந்த பிரேக்

ஒரு காட்டில், மரத்தைவிட வண்டி கூடிப்போன ஒரு காட்டில், பேச்சி என்றொரு காட்டுப்பன்றி இருந்தாள். அவளுக்குக் குட்டிகள் நிறைய. மற்றவை எல்லாம் கிழங்கு தோண்டித் தின்று தாமாக வளர்ந்துவிட்டன. கடைக்குட்டி சுடலிக்கு மட்டும் பின்னங்கால் இரண்டும் வளைந்திருந்தன. மலைக்குக் கீழே இருந்த யானை வைத்தியர், "வாராவாரம் கொண்டுவந்து கட்டு மாத்தினா புள்ள நடந்துரும். ஒரு வாரம் விட்டாலும் எலும்பு பழையபடி கோணிக்கும்" என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் பேச்சி கார் வாங்கினாள். பவுசுக்கு வாங்கவில்லை.

கார், சிங்கத்தின் கம்பெனிக் கார். அந்தக் காட்டில் வேறு கம்பெனி கிடையாது. வேறு கம்பெனி வைக்க நினைத்த ஆளும் கிடையாது.

ஒருநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் வண்டியின் பிரேக் சில நேரம் பிடிக்காமல் போகக்கூடும். ஆகவே இந்த மாடல் வண்டிகளை ரீகால் செய்கிறோம், அதாவது திரும்ப அழைக்கிறோம். பழுதான பாகத்தை இலவசமாக மாற்றித் தருவோம். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம். உடனே எங்கள் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டி வரவும்.'

ஓட்டாமல் எப்படி ஓட்டி வருவது என்று பேச்சிக்குப் புரியவில்லை. படித்தவர்கள் எழுதியது, சரியாகத்தான் இருக்கும் என்று முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

சர்வீஸ் சென்டரில் கொக்குதான் எல்லாம். ஒற்றைக்காலில் நிற்பது அதற்குப் பிறவிப் பழக்கம். அடுத்தவரை நிற்கவைப்பது உத்தியோகம்.

"பார்ட்ஸ் இன்னும் வரலை மேடம். கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு."

"எப்ப வரும் தம்பி?"

"வந்ததும் சொல்வோம்."

"அதுவரைக்கும் ஓட்டலாமா?"

கொக்கு கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. "ஓட்டலாம்னு நான் சொல்ல முடியாது. ஓட்டக்கூடாதுன்னும் சொல்ல முடியாது. ஆபத்து ரொம்பக் குறைவுதான். பாத்து ஓட்டுங்க."

பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஓர் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த கயிற்றை எடுத்துவந்து, காரின் முன்னால் தானே பக்தியோடு கட்டியது. "கம்பெனி சார்பா ஒரு தற்காலிகப் பாதுகாப்பு ஏற்பாடு" என்றது. பிரேக்குக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் கட்டி அனுப்பிய கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கிளம்பும்போது கொக்கு மெதுவாகச் சொன்னது: "உங்களுக்கு போன் வரும் மேடம். சேவை எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க. இல்லன்னா என்னை உரிச்சுருவாங்க."

பேச்சிக்கு இளகின மனசு. பாவம், நெஞ்சில் கறியே இல்லாத பறவை, அதைப்போய் உரிப்பார்களாமே என்று ஐந்து ஸ்டார் கொடுத்தாள்.

அடுத்த வாரம் போனாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்த கொக்கு, "உங்க கம்ப்ளைண்ட் முடிஞ்சுபோச்சே மேடம்" என்றது.

"எங்க முடிஞ்சுது? பிரேக்கைத் தொடவே இல்லையே."

"அஞ்சு ஸ்டார் விழுந்தா ஹெட் ஆபீஸ்ல அதை முடிச்சுருவாங்க. வாடிக்கையாளர் திருப்தின்னு போட்டிருக்கு, பாருங்க. இனி புதுசாப் பதிஞ்சு, வரிசைக்குக் கடைசியில இருந்து வரணும்."

புதுசாகப் பதிந்தாள். மறுபடி போன் வந்தது. இந்த முறை ஒரு ஸ்டார் கொடுத்தாள். அதற்கு அடுத்த முறை போனபோது, 'வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று போட்டு அதையும் முடித்திருந்தார்கள்.

இதற்கு நடுவில் சுடலியின் கட்டு மாற்றாமல் முடியுமா? முதல் கியரில், ஊரில் இருக்கிற சாமியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, பேச்சி மலை இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் கொண்டைஊசி வளைவில் பிரேக்கை மிதித்தாள். பெடல் சொத்தென்று உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் பள்ளத்தாக்கு. பேச்சி ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்து மலைச்சுவரில் கொடுத்து உரசினாள். தகரம் கிழிய, பொறி பறக்க வண்டி நின்றது.

சுடலி கைதட்டிச் சிரித்தது. "அம்மா, இன்னொரு தடவ."

பேச்சி காரை அங்கேயே விட்டு இறங்கினாள். குட்டியை முதுகில் போட்டுக்கொண்டு வைத்தியரிடம் நடந்தே போய்க் கட்டு மாற்றி, நடந்தே வீடு சேர்ந்தாள். சேர்ந்தபோது அவளுடைய கால்கள்தான் கோணியிருந்தன. இப்படி வாராவாரம் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வளைவுக்கு நடந்துபோய், விட்டுவந்த காரை முதல் கியரில் எடுத்தாள். சர்வீஸ் சென்டருக்குப் போகவில்லை. அதை ஒட்டிச் சிங்கத்தின் புது ஷோரூம் இருந்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதிரே செங்குத்தான சரிவு. பேச்சி அந்தச் சரிவின் உச்சியில், கண்ணாடியை நேராகப் பார்க்கும்படி காரை நிறுத்தினாள். டயருக்கு முன்னால் ஒரு கல்லை வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு தின்ன ஆரம்பித்தாள்.

கொக்கு இரண்டு காலாலும் ஓடிவந்தது. அதற்கு இரண்டு கால் இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

"மேடம், இங்க நிறுத்தக்கூடாது."

"ஏன்?"

"பிரேக் பிடிக்கலைன்னா?"

"ஆபத்து ரொம்பக் குறைவுன்னு நீங்கதான தம்பி சொன்னீங்க. எலுமிச்சம்பழம் வேற தொங்குது."

"கல்லு நகந்துருச்சுன்னா?"

"நகராதுன்னு நான் சொல்ல முடியாது. நகரும்னும் சொல்ல முடியாது. பாத்து நில்லுங்க."

அதற்குள் சிங்கம் வெளியே வந்தார். சிங்கத்தை 'வந்தார்' என்றுதான் சொல்ல வேண்டும், மொதலாளி. அவர் காரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். கர்ஜிக்க வாயைத் திறந்தவர், அதிர்வில் கல் அசைந்துவிடப் போகிறதே என்று வாயை மூடிக்கொண்டார். "இந்தம்மாவுக்கு மாத்திக் குடு" என்று கொக்கின் காதில் கிசுகிசுத்தார்.

ஷோரூமில் நின்ற புதுக் காரிலிருந்து பிரேக் பாகத்தைக் கழற்றிவந்து பூட்டினார்கள். பேச்சி எட்டிப் பார்த்தாள். உள்ளே நின்ற புதுக் கார் எல்லாவற்றிலும் அதே பாகம் பளபளவென்று இருந்தது.

"கப்பல் எப்பய்யா கண்ணாடிக்குள்ள வந்துச்சு?" என்றாள்.

"அது விக்கிற வண்டிக்கு மேடம்" என்றது கொக்கு. "உங்களுது வித்த வண்டி."

பேச்சி புறப்பட்டாள். வாசலில், அவளுக்கும் முன்பிருந்தே பிரேக்குக்காகக் காத்திருந்த மிளா மான் ஒன்று அவளை மறித்தது. "எப்படித் தாயி செஞ்ச?"

"அண்ணாச்சி, மேட்டுல ஏத்தி நிறுத்துங்க. கீழ ஒரு கல்லு வைங்க. அம்புட்டுத்தான்."

அந்த வாரம் சுடலிக்கு நேரத்துக்குக் கட்டு மாற்றியாயிற்று. மழைக்கு முன்பே குட்டி எழுந்து நடந்தது. அந்த மட்டும் நல்ல கதை.

மிளா மறுநாள் விடிந்ததும் காரை உருட்டிக்கொண்டு அந்தச் சரிவுக்கு வந்தது. வந்து பார்த்தால், சரிவுக்கும் ஷோரூமுக்கும் நடுவே யானை உயரத்துக்குச் சுவர். ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பிப் பூசியும் முடித்திருந்தார்கள். செங்கல் எந்தக் கப்பலிலும் வர வேண்டியிருக்கவில்லை.

கொக்கு சுவர்மேல் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. "வாங்கண்ணே. பாதுகாப்புதான் எங்களுக்கு மொதல்ல. எப்படி இருக்கு சுவர்?"

"நல்லாருக்கு. என் பிரேக்கு?"

"கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு. சுவருக்கு ஒரு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டுப் போங்கண்ணே."

மிளா சுவரைப் பார்த்தது. சாவியைக் காரின் கூரைமேல் வைத்தது. திரும்பிப் பார்க்காமல் மலையில் இறங்கி நடந்து போனது.

நீதி: உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் காத்திருக்கச் சொல்வார்கள், கண்ணாடிக்கு ஆபத்து என்று சொல்லுங்கள். அதையும் முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஆளுக்குச் சுவர்தான்.