கட்டில்மேல் ஈரத்துண்டு

இந்த வீட்டில் ஒரு தடவையாவது ஜெயித்தே தீருவது என்று அன்று காலை பல் துலக்கும்போது சபதம் எடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் சபதம் முழுசாக வெளியே வரவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணும் சொல்லலியே."

"ஏதோ தீருதுன்னு காதுல விழுந்துச்சு. பேஸ்ட் தீர்ந்துபோச்சா?"

பார்த்தீர்களா? குழாய் திறந்திருக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது, வாய் நிறைய நுரை. அப்படியும் கேட்டுவிட்டது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்குவது அவள் வேலை. ஒரு டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்ன மருந்தின் பெயரைக்கூடத் தப்பில்லாமல் எழுதியவள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் முனகினாலும் ஓடிப்போய் எண்ணெய் போடுகிறவன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை அவமானப்படுத்த உதவும்.

சபதத்துக்குக் காரணம் கடல். அவளுக்குக் கடல் பார்க்க வேண்டும். இரண்டு தடவை கிளம்பினோம். முதல் தடவை பெட்டியைப் பூட்டும்போது போன் வந்தது. யாரோ ஒரு வக்கீல் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் இடமும் பிடித்துவிட்டோம். அப்போதும் போன். அவள் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "போங்க, உள்ள மாட்டிக்கிட்டவங்க பாவம்" என்று சொல்லிப் பெட்டியை அவளே இறக்கினாள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்த நிலைமையில்தான் 'ஏழுதீவு' எனக்குக் கைகொடுத்தது. அது இணைய விளையாட்டு. ஆயிரக்கணக்கான பேர் அதில் படகு கட்டுவார்கள், மீன் பிடிப்பார்கள், கொள்ளைக்காரர்களோடு சண்டை போடுவார்கள். எனக்குச் சண்டை வராது. மீனும் சிக்காது. சும்மா கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது துறைமுகச் சத்திரத்தில் ஒரு மேஜை கண்ணில் பட்டது. மேஜைமேல் பலகை. ஆட்டத்துக்குள் ஓர் ஆட்டம். பெயர் 'கோட்டை'.

எளிமையான ஆட்டம்தான். ராஜா, யானைகள், காலாட்கள். எதிரி ராஜாவைப் பிடித்தால் ஜெயம். காலாட்களில் மூன்று பேர் மட்டும் ஒற்றர்கள். யார் யார் என்று வைத்தவனுக்குத்தான் தெரியும். சாதாரணக் காலாளை வெட்டினால் வெட்டினவனுக்கு லாபம். ஒற்றனை வெட்டினால் வெட்டிய காயும் சேர்ந்து காலி. ஆகவே ஒற்றனை அப்பாவி மாதிரி முன்னால் நிறுத்தி, எதிரியின் யானை வந்து வாயை வைக்கும்வரை காத்திருப்பதுதான் இதில் வித்தை.

வருஷத்துக்கு ஒரு முறை சத்திரத்தில் கோட்டைப் போட்டி நடக்கும். ஜெயிப்பவருக்கு, ஏழுதீவுக்காரர்கள் நேரில் கூடும் விழாவுக்கு அழைப்பு. நிஜக் கடற்கரையில் மூன்று நாள். கூட ஒருவரை அழைத்துவரலாம்.

அழைத்துவரலாம்! அந்தச் சொல்லைப் படித்ததும் என் நெஞ்சு அரை அடி விரிந்தது. பின்னறையில் உட்கார்ந்து, 'மின்னல்வேந்தன்' என்ற பெயரில் ஆடத் தொடங்கினேன். மனைவி கேட்டால் புதிய லிஃப்டின் கையேடு படிக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். அவள் கூடத்தில் ஹெட்போனும் கம்ப்யூட்டருமாக உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகூட டாக்டர்கள் முணுமுணுக்கிறார்களே, பாவம் இவள் என்று நினைத்துக்கொள்வேன்.

மின்னல்வேந்தன் ஒவ்வொரு சுற்றாக முன்னேறினான். ஒரு சனிக்கிழமை மாலை இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டான். எதிரே வரப்போவது யார் என்று தெரிந்துகொள்ள மற்ற அரையிறுதியைப் பார்க்கப் போனேன். அதில் ஒருவர் பெயர் 'கட்டில்மேல்ஈரத்துண்டு'.

அந்தப் பெயரைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ கட்டில், எத்தனையோ துண்டு என்று விட்டுவிட்டேன்.

ஈரத்துண்டு ஆடிய ஆட்டம் இருக்கிறதே, ஐயையோ! எதிராளியைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. திடீரென்று எதிராளிக்கு ஒரு வரி எழுதியது: "இருங்க, வாசல்ல மணி அடிக்குது."

எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்தது.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம். கதவு திறந்தது. "பக்கத்து வீட்டுப் பார்சலா? குடுங்க, நான் குடுத்துடறேன்." கதவு மூடியது. திரையில் மறுபடி எழுத்து வந்தது: "பக்கத்து வீட்டு பார்சல். இப்போ உங்க ராஜாவைப் பார்க்கலாமா?"

மயக்கம் போட்டு விழுவதற்கு எனக்கு இடம் போதவில்லை. பின்னறை சின்ன அறை.

அவளே ஜெயித்தால்தான் என்ன, கடல் அதே கடல்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் கல்யாணம் ஆகாதவராக இருக்க வேண்டும். அழைத்துப் போவது வேறு, அழைத்துப் போகப்படுவது வேறு. இந்த வீடு பார்த்தது அவள். எனக்குச் சட்டை எடுப்பது அவள். கடலையாவது நான் தர வேண்டாமா? போதாததற்கு ஒரு பெரிய வசதி வேறு இருந்தது. அவள் யார் என்று எனக்குத் தெரியும். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

திட்டம் போட்டேன். முதலில் அவளுடைய இணையத்தைத் துண்டிக்கலாமா என்று யோசித்தேன். வீட்டில் இருப்பது ஒரே இணைப்பு என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அடுத்த திட்டம், பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு இந்தக் கட்டடத்தில் 'ஒருநிமிஷம்' என்று பெயர். "ஒரு நிமிஷம் சார்" என்று ஆரம்பிப்பார். கேட்டவன் தலை நரைத்துத்தான் வீடு திரும்புவான். கோட்டையிலோ ஒவ்வொரு காயையும் குறிப்பிட்ட நேரத்துக்குள் நகர்த்தியாக வேண்டும். தவறினால் அந்த முறை பறிபோகும்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க. என் மனைவிகிட்ட ஏதாவது பேசிட்டு இருங்க" என்றேன்.

"என்னத்தைப் பேசறது?"

"உங்களுக்கா தெரியாது?"

"அதுவும் சரிதான்" என்றார். நாற்பது வருஷத்தில் அவரைப் பேசு என்று கேட்டுக்கொண்ட முதல் மனிதன் நான். கண் கலங்கிவிட்டார்.

ஞாயிறு வந்தது. பின்னறைக்குப் போகும் வழியில் கூடத்தை ஒரு நோட்டம் விட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தாள். ஆட வசதியாக இருக்கும் என்று கழற்றியிருப்பாள். அதற்கு மேல் என் மூளை வேலை செய்யவில்லை.

ஆட்டம் தொடங்கியது. என் முதல் ஒற்றனைத் தனியாக முன்னால் நிறுத்தினேன். பார்த்தால் கல்லும் கரையும். அவ்வளவு அனாதையாக நின்றான். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன். அவளுடைய யானை பக்கத்தில் வந்தது. ஒதுங்கிப் போய் ஓர் உண்மையான காலாளை வெட்டியது. சரி, தற்செயல் என்று விட்டேன்.

இந்த நேரத்தில் வாசல் மணி. வந்துவிட்டார் என் ஆயுதம்!

"ஒரு நிமிஷம்மா" என்று கேட்டது.

"வாங்க வாங்க. என்ன விஷயம்?"

"விஷயம்னு பார்த்தா... நம்ம லிஃப்ட் இருக்கே..."

"லிஃப்டா? அப்போ அவர்கிட்டதான் கேட்கணும். பின்னறையில சும்மாதான் இருக்கார். உள்ள போங்க."

ஆயுதம் என் பக்கம் திரும்பி நடந்து வந்து, கதவைத் திறந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"யோவ், அவகிட்ட பேசச் சொன்னா என்கிட்ட ஏன் வந்தீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"அவங்கதான் இங்க போகச் சொன்னாங்க. மரியாதை குடுக்க வேண்டாமா? ஒரு நிமிஷம் சார். நான் முதல் முதலா லிஃப்ட்ல ஏறினது எப்போன்னு சொல்றேன்..."

அவர் அந்த லிஃப்டில் ஏறிக் கதவு சாத்துவதற்குள் எனக்கு இரண்டு முறை நேரம் முடிந்தது. இரண்டாவது ஒற்றனை நிறுத்தினேன், சாய்ந்தேன். அவள் யானை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது ஒற்றனை நிறுத்தினேன், சாய்ந்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் அவளுடைய காலாள் ஒருவன் என் யானைக்கு எதிரில் தன்னந்தனியாக வந்து நின்றான். பாவமாக இருந்தது. வெட்டினேன். ஒற்றன்! என் யானை போயிற்று. இன்னொருவன் நின்றான். இவனாவது நல்லவனாக இருப்பான் என்று வெட்டினேன். அவனும் ஒற்றன். மின்னல்வேந்தனின் ராஜா பிடிபட்டபோது ஒருநிமிஷம் சாருடைய லிஃப்ட் மூன்றாம் மாடியைத் தாண்டியிருந்தது.

அவரை வழியனுப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். முகத்தைத் துடைத்து ஒரு புன்னகையை ஒட்டிவைத்திருந்தேன்.

"என்ன, ரொம்ப சந்தோஷமா இருக்க?"

"கடற்கரைக்குப் போறேன். மூணு நாள். ஒரு போட்டியில ஜெயிச்சேன்."

"அப்படியா! போட்டியா! யாரை ஜெயிச்ச?"

"யாரோ மின்னல்வேந்தனாம். பெரிய மீசை வெச்ச ஆளுன்னு நினைக்கிறேன்."

"நல்லா ஆடினானா?"

"சேச்சே. கண்ணுக்கு முன்னாடி எது தனியா நின்னாலும் வெட்டிடறான். யோசிக்கவே மாட்டேங்கறான்."

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அது நான்தாண்டி!" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீங்க ஆட ஆரம்பிச்ச வாரத்துலேர்ந்து. வாங்க, காட்டறேன்." பின்னறைக்குக் கூட்டிப்போனாள். "உக்காருங்க. இப்போ சாயுங்க."

சாய்ந்தேன். கிறீச்.

"இதுதான். சத்திரத்துல மின்னல்வேந்தன் ஆடறதை வேடிக்கை பார்ப்பேன். பலகையில ஒரு ஆள் தனியா வந்து நிப்பான், இங்க ஒரு கிறீச். ஒற்றனை வெச்சதும் ஜமீன்தார் மாதிரி சாஞ்சுக்கறீங்க. கொட்டாவிக்குள்ள மருந்து பேரைக் கண்டுபிடிக்கறவ நான். எனக்கு இது கேட்காதா? எண்ணெய் போடுங்க, எண்ணெய் போடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? போட்டிருந்தா இன்னிக்கு நீங்க ஜெயிச்சிருப்பீங்க."

ஊர் லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போடுகிறவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போகட்டும் விடு" என்றேன். "ரெண்டு பேரும் கடலைப் பார்க்கப்போறோமே, அதுதானே முக்கியம்?"

"ரெண்டு பேரும்தான். நானும் எங்க அக்காவும்."

"அக்காவா? அப்போ நான்?"

"உங்களுக்கு ஏது லீவு? பஸ்ல ஏறி உக்காந்ததும் யாராவது லிஃப்ட்ல மாட்டிக்குவாங்க. அக்கான்னா பிரச்சனையே இல்ல. தவிர, ஒரு நாற்காலிக்கு எண்ணெய் போட முடியாதவரை நம்பி நான் அவ்வளவு தூரம் எப்படி வர்றது?"

மறுநாள் காலை நான் செய்த முதல் வேலை, எங்கள் மேலாளரிடம் போய் நின்றது. அந்த மூன்று நாளும் ஊரே லிஃப்டில் தொங்கினாலும் என் போன் அடிக்காது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் குரலை உயர்த்தியது அன்றுதான். அவரும் ஆச்சரியத்தில் சரி என்றுவிட்டார். சாயங்காலம் எண்ணெய் டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன். நாற்காலிக்குப் போட்டேன். வாசல் கதவுக்குப் போட்டேன். அலமாரி, ஜன்னல், அவளுடைய மேஜை இழுப்பறை, எது எது முனகுமோ அத்தனைக்கும் போட்டேன். குளித்ததும் துண்டை வழக்கம்போல் கட்டில்மேல் எறியாமல் கொடியில் காயப்போட்டேன். அது என்னையே ஒரு மாதிரி பார்த்தது.

அவள் வீட்டைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினாள். கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

"உங்க போன்?"

"அந்த மூணு நாளும் அணைச்சு வெச்சுடுவேன். மேலாளர் சரின்னுட்டார்."

 சிரித்தாள். பஸ்ஸிலிருந்து பெட்டியை இறக்கிய நாளுக்கு முந்தைய சிரிப்பு அது. "சரி, நீங்களே வாங்க" என்றாள்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜெயிக்காவிட்டால் என்ன? அவளோடு கடலைப் பார்க்கப்போகிறேன். ஆனாலும் மனசில் ஓர் உறுத்தல்.

"பாவம், உங்க அக்கா ஆசையா இருந்திருப்பாங்க. வர வேண்டாம்னு எப்படிச் சொல்லப்போற?"

"அக்காகிட்டயா? அவகிட்ட நான் இதைப்பத்திச் சொல்லவே இல்லையே."

சொல்லிவிட்டு என் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். சத்தமே வரவில்லை. நான்தான் எண்ணெய் போட்டுவிட்டேனே.