பிளேன் அண்ணாச்சியின் இடது இறக்கை

சங்கரன்கோவில்காரர்கள் இன்றைக்கு 'பறந்துட்டாரா' என்று எதற்கெடுத்தாலும் வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால், அதற்கு முழுப் பொறுப்பு பிளேன் அண்ணாச்சிதான். துபாயில் ஏசிக் காற்று போகும் தகரக் குழாய், அதாவது டக்ட், அடித்தவர், ஊர் திரும்பியதும் சும்மா இருப்பாரா? இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தைத் துண்டு துண்டாகப் பெட்டிகளில் வரவழைத்துவிட்டார். நாமே பூட்டிக்கொள்ள வேண்டுமாம். லாரியிலிருந்து பெட்டிகள் இறங்கியபோது தெருவே பீரோ என்று நினைத்தது.

காலியாகக் கிடந்த தறிக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அக்கம்பக்கத்து விசைத்தறிச் சத்தத்தில் இவர் தகட்டோடு தகடு சேர்க்க ரிவிட் ஆணி அடிப்பது யாருக்கும் கேட்காது என்பது அவர் கணக்கு.

"டக்ட்ல அடிக்காத ரிவிட்டாவே? கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன்" என்றார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் அடித்தார் போலிருக்கிறது. முதல் தகட்டில் ரிவிட்டெல்லாம் அப்பளமாக நசுங்கிக் கிடந்தன.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. டக்ட்டுக்கு ஒரு ஆள் போதும், விமானத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் ரிவிட்டை அடிக்க, அந்தப் பக்கம் இன்னொருவர் அதன் வாலுக்கு இரும்புக் கட்டியை அண்டக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் தகடு மறைக்கும், சத்தம் வேறு. அதனால் பேச்செல்லாம் தட்டில்தான். கட்டி பிடிப்பவர் ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்று தட்டினால் கெட்டுப்போச்சு, துளைபோட்டுப் பிடுங்கு.

முதல் பலி நான். "சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லும்வே" என்றார். டர்ர்ர்ரென்று அடித்ததில் கடைவாய்ப்பல்வரை ஆடிவிட்டது. அன்று வீட்டில் குடித்த காபி முழுக்கச் சட்டைதான் குடித்தது. அடுத்து வந்த டெய்லர், பழக்கதோஷத்தில் காலையும் சேர்த்து ஆட்டினார். மறுநாள் அவர் கடையே திறக்கவில்லை. இப்படித் தெருவில் ஒவ்வொருவராகப் பிடித்துவிட்டு ஓடியதில் மற்றதெல்லாம் எப்படியோ முடிந்தது, இடது இறக்கைக்கு ஆளே மிஞ்சவில்லை.

கடைசியில் யாரும் எதிர்பாராமல் வந்து நின்றவர் மதினி, அண்ணாச்சியின் மனைவி. "இதுல ஏறுதது மனுசன் செய்ற காரியமா?" என்று பெட்டி வந்த நாளிலிருந்து சண்டை போட்டவர். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டியைப் பிடித்தார். அசையவே இல்லை. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

டர்ர்ர்ர். டொக், டொக், டொக்.

பிடுங்கினார். புதுசு அடித்தார். டொக், டொக், டொக். பிடுங்கப் பிடுங்கத் துளை பெருத்து, தகடே வீணாகி, புதுத் தகடு வந்தது. எங்கள் தெருவில் இப்போது கோழிக்கூண்டுகூட விமானத் தகட்டில்தான். மற்றதெல்லாம் தயார், இடது இறக்கை மட்டும் முடியவே மாட்டேன் என்றது.

ஒருநாள் மதினி டீ எடுத்துவரப் போன நேரம், டார்ச் அடித்து உள்பக்கம் பார்த்தேன். அடப்பாவமே! மூன்று தட்டு வாங்கி, இன்னும் பிடுங்காமல் இருந்த ரிவிட் வால் அத்தனையும் ஒரு குறையுமில்லாமல் வட்டமாக, தட்டையாக, அளவெடுத்தாற்போல இருந்தன.

"அண்ணாச்சி, நல்லா ஏமாந்தீங்க! மதினி வேணும்னே மூணு தட்டுதாங்க!"

அவர் டிரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியும்வே."

"தெரியுமா?"

"அடிக்கிறவன் கைக்குத் தெரியாதா? வாயால சொன்னப்ப சண்டைக்குப் போனேன். அதான் இப்ப தட்டிச் சொல்லுதா. பயம்வே அவளுக்கு. அந்தப் பயம் போற அன்னிக்கு ஒத்தத் தட்டு தட்டுவா. அன்னிக்குப் பறக்கேன்."

"போகலேன்னா?"

"அவ சரின்னு சொல்லாம ஏறுனா, அங்கன மேல போயும் கீழயேதானவே பாத்துக்கிட்டு இருப்பேன்."

மதினி வந்தார், டம்ளர்களை வைத்தார், கட்டியை எடுத்தார்.

டர்ர்ர்ர்.

டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, டொக், டொக்.

அண்ணாச்சி முகம் முழுக்கச் சிரிப்போடு என் காதருகே குனிந்தார். "மூணுதான், ஆனா பாத்தீராவே, ஒண்ணு தட்டிட்டு யோசிச்சிட்டா!"

சொல்லிவிட்டு, டிரில்லை எடுத்து அந்த நல்ல ரிவிட்டைப் பிடுங்க ஆரம்பித்தார். எனக்கு அந்த மனுஷரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.