நைலான் நாடா பதினைந்து

பாறையேற்றப் பயிற்சி நிலையத்தின் மூத்த பயிற்றுநர், ஊருக்கெல்லாம் கயிறு வாத்தியார், பதினைந்து நைலான் ஸ்லிங் கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். அதில் ஒரு தவறும் இல்லை. ஸ்லிங் என்று எழுதினால் 'தமிழில் எழுதுக' என்று திரும்பி வரும் என்பதால், மண்டையை உடைத்துக்கொண்டு 'நைலான் நாடா' என்று எழுதினார். வினை அங்கேதான் பிடித்தது.

ஸ்லிங் என்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. இரண்டு விரல் அகல நைலான் பட்டையை வளையமாகத் தைத்திருப்பார்கள். அதைப் பாறை முனையில் மாட்டி, கயிற்றைக் கோத்து, கயிற்றில் ஆளைத் தொங்கவிடுவது. வளையம் அறுந்தால் ஆள் கீழே. நிலையத்தில் இருந்தவை எட்டு வருஷம் வெயிலில் வெந்தவை. ஒரு காலத்தில் நீலமாக இருந்தன என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். இருபதாம் தேதி புதிய அணி வருகிறது, பதினைந்து பேர். அதில் ஒருத்தி வாத்தியாரின் சொந்த மகள்.

"ஏங்க, அந்த இத்துப்போன பட்டையிலயா நம்ம பொண்ணைத் தொங்கவிடப் போறீங்க?" என்று மனைவி கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பண்டகசாலைக் கண்காணிப்பாளர் விண்ணப்பத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தார்.

"எந்த நாடா?" என்றார்.

"நைலான் நாடா சார்."

"அது தெரியுது. பாவாடை நாடாவா, கோப்பு கட்டற நாடாவா? பட்டியல்ல ரெண்டுதான் இருக்கு. பாவாடைன்னா சீருடைப் பிரிவு. கோப்புன்னா எழுதுபொருள்."

"இது ஆள் தொங்கற நாடா சார்."

கண்காணிப்பாளர் பேனாவை மூடினார். "வாத்தியாரே, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

விளக்கிச் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. பட்டியலில் இல்லாத பொருள் என்பதால், மேற்படி பொருளைத் தெரிவு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர் துணை இயக்குநர். மின்தூக்கி பழுதானால் மாடிக்கே வராத மனிதர். ஆனால் பாறை ஏறுகிறவர்கள் மாட்டும் கொக்கி ஒன்றை வாங்கி அதில் கார் சாவியைத் தொங்கவிட்டிருந்தார். அதுதான் அப்போதைய நாகரிகமாம். வாத்தியார் கடையிலிருந்து மாதிரிக்கு ஒரு ஸ்லிங் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"என்ன, இவ்வளவு பட்டையா இருக்கு? இப்ப எல்லாரும் மெல்லிசா, கறுப்பாத்தானே மாட்டறாங்க? போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்" என்றார் துணை இயக்குநர்.

"மெல்லிசு இழுபடாது சார். நைலான் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். விழறவன் இடுப்பு தப்பிக்கும்."

"நீளுமா?"

'பொருள் நீளும் குறைபாடு உடையது என்பதைக் கோருபவரே ஒப்புக்கொண்டார்' என்று பதிவு செய்யப்பட்டது.

கண்காணிப்பாளர் வளையத்தில் தைத்திருந்த துணிச் சீட்டைப் படித்தார். "இருபத்திரண்டு கிலோதான் தாங்குமாம். இதுல மனுஷன் எப்படித் தொங்கறது? பூனையைத்தான் தொங்கவிடணும்."

"கிலோ இல்ல சார், கிலோநியூட்டன். அது விசைக்கு உள்ள கணக்கு. ரெண்டாயிரத்து இருநூறு கிலோவுக்கு மேலயே தாங்கும்."

"ஓகோ! உங்க எடை என்ன?"

"எழுபது சார்."

கண்காணிப்பாளர் கணக்குப் போட்டார். "அப்படின்னா ஒரு வளையத்துல முப்பது பேர் தாராளமாத் தொங்கலாம். உங்ககிட்ட இருக்கறதே பதினைஞ்சு பேர். பாதி வளையம் போதுமே!"

குழு மூன்று நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னது: 'தேவை அரை வளையம் மட்டுமே எனத் தெரியவருகிறது. அரை வளையம் கொள்முதல் செய்ய விதிகளில் இடமில்லை. எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.'

நடைகூடத்தில் வாத்தியார் பேயறைந்த மாதிரி நின்றார். கண்காணிப்பாளர் கெட்ட மனிதர் இல்லை, பார்க்கப் பாவமாக இருந்தது அவருக்கு. தோளில் கை போட்டார். "நீங்க ஒரு ஆளு! கோப்பு கட்டற நாடான்னு எழுதியிருந்தா அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே. அதுக்குக் குழுவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

வாத்தியார் அங்கேயே சுவரில் தாளை வைத்து எழுதினார்: 'கோப்பு கட்ட நாடா, நைலான், தைத்த வளையம், இருபத்திரண்டு கிலோநியூட்டன், பதினைந்து.' மறுநாளே அனுமதி கிடைத்தது. கோப்புகள் கொஞ்சம் கனம்போல என்றுதான் நினைத்தார்கள்.

நாலாம் நாள் சரக்கு வந்தது. நல்ல சிவப்பு. வாத்தியார் பண்டகசாலையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நேரே போய்ப் பழைய வளையங்களை எல்லாம் கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டிப் போட்டார். இனி யாரும் மறந்துபோய்க்கூட அவற்றில் தொங்கிவிடக் கூடாது.

திரும்பி வந்து கை நீட்டினார்.

"கோப்பு எங்கே?" என்றார் கண்காணிப்பாளர்.

"எந்தக் கோப்பு சார்?"

"கோப்பே இல்லாத பிரிவுக்கு நாடா கொடுத்தா தணிக்கையில என் தலை உருளும். ஒரு நாடாவுக்கு ஒரு கோப்பு காட்டுங்க, எடுத்துட்டுப் போங்க."

வேறு வழி? ஆளுக்கு ஒன்றாகப் பதினைந்து கோப்பு திறந்தார். முதலில் ஒப்புக்குத்தான் செய்தார். பெயர், எடை, உயரம். அப்புறம், உள்ளங்கை அகலமும் எழுதினால் நன்றாயிருக்குமே என்று தோன்றியது. பக்க எண் போட்டார். மைமுத்திரை ஒன்று செய்துகொண்டார். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் பதினைந்து கோப்புகளும் சிவப்பு வளையம் இறுகக் கட்டி, வரிசையாக அலமாரியில் நின்றன. பார்த்தால் கண்பட்டுவிடும், அவ்வளவு அழகு. துணை இயக்குநரே இறங்கி வந்து கைகுலுக்கினார். இருபது வருஷம் பாறையில் தொங்கியபோது ஒருத்தரும் வந்து கைகுலுக்கவில்லை.

இருபதாம் தேதி காலை மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, வெயில் ஏறுது. எல்லாரும் பாறைக்குக் கீழ உட்கார்ந்திருக்கோம். ஸ்லிங் குடுங்க."

"கோப்பைக் கட்டியிருக்கும்மா."

"அவிழ்த்துக் குடுங்க."

"அவிழ்த்தா தாளெல்லாம் பறந்துடும். உன் கோப்புல மட்டும் நாப்பத்தோரு பக்கம்."

"அப்பா! எங்களுக்காகத்தானே வாங்கினீங்க?"

வாத்தியார் ஜன்னல் வழியே பாறையைப் பார்த்தார். அவருடைய கை, தானாக எழுந்து மகளுடைய கோப்பின் மேலிருந்த வளையம் வரைக்கும் போனது. முடிச்சு கச்சிதமாக விழுந்திருந்தது. கை திரும்பி வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தது.

"ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு. எம் பொண்ணாச்சே, இன்னைக்கே பார்த்துடறேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வரியில் எழுதி நீட்டினாள்.

"ஸ்லிங்னு எழுதியிருக்கே. தமிழ்ல எழுதும்மா."

அடித்துவிட்டு மேலே 'நாடா' என்று எழுதினாள்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் படித்தார்.

"எந்த நாடா?" என்றார்.