பூட்டியது பூட்டியதுதான், சம்பந்தி

பொங்கோல்,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ராமலிங்கம் அவர்களுக்கு,

மருதப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி செல்லக்கண்ணுவும் மகள் அனுப்ரியாவும் நலம். மார்சிலிங்கில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை ஆதவனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? உயரமான இடங்களில் ஏறி நெடுநேரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும்.

எம்ஆர்டி ரயிலில் ஏறினால் வந்துவிடும் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். என்ன செய்வது, புதன்கிழமையிலிருந்து தாங்கள் என் அழைப்பை எடுக்கவில்லை. தை மாதம் கல்யாணம், பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும், அனுப்ரியா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், இந்தச் சம்பந்தம் நின்றுவிடுமோ என்று எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். புதன் மாலை என் எண்ணிலிருந்து தங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது. “மாப்பிள்ளை தங்கமான பையன்க்கா. அவங்க அப்பாதான், மைக்கைக் குடுத்தா விடமாட்டாரு. கல்யாணத்துல அவர் கைக்கு மைக்கு போகாம பாத்துக்கணும் லா” என்று அதில் இருந்ததாக மாப்பிள்ளை என் மகளிடம் சொன்னார். அதை அனுப்பியது நான் அல்ல, சம்பந்தி. என் கைப்பேசியைத் திருடியவன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று பகல் தேக்கா உணவங்காடியில் கால் வைக்க இடமில்லை. இடம் பிடிக்க மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைப்பது நம் ஊர் வழக்கம், அதை ஒருவரும் தொட மாட்டார்கள். அன்று பார்த்து என்னிடம் டிஷ்யூ இல்லை. கைப்பேசியை வைத்துவிட்டுத் தோசையும் தேநீரும் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மேசை காலியாக இருக்கிறது, நாற்காலி காலியாக இருக்கிறது, கைப்பேசியைக் காணோம். ஆனால் ஒன்று, என் இடத்தில் யாரும் உட்காரவில்லை. அந்த ஒழுக்கத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே தலையில் கை வைத்திருப்பார். நான் முப்பது வருடம் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன். எந்த இயந்திரத்தைப் பிரிப்பதானாலும் முதலில் அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை என் சட்டைப்பைக்குள் வைத்த பிறகுதான் ஒருவனை உள்ளே விடுவேன். அதே முறைதான் இங்கும். பக்கத்து மேசைக்காரரின் கைப்பேசியை இரவல் வாங்கினேன். முதலில் என் சிம் அட்டையை முடக்கச் சொன்னேன், ரகசிய எண்கள் எல்லாம் அதற்குத்தானே வரும். அடுத்து வங்கியை அழைத்து எல்லாக் கணக்கையும் நிறுத்தச் சொன்னேன். பிறகு இணையத்தில் நுழைந்து, அங்காடியின் இலவச வைஃபையில் இன்னும் இணைந்திருந்த காணாமல்போன கைப்பேசியைத் தொலைவிலிருந்தே பூட்டினேன். பூட்டிய திரையில் ஏதாவது வாசகம் எழுதலாம் என்றார்கள். “எடுத்தவர் யாராயினும் அறிக! இது பூட்டப்பட்டது. பூட்டியவர் மருதப்பன்” என்று தமிழிலேயே எழுதினேன், நம் மொழிக்கும் இந்த நாட்டில் உரிமை இருக்கிறதல்லவா? முடிந்ததும் அந்தப் புண்ணியவானின் கைப்பேசியில் என் கணக்கிலிருந்து வெளியேறி, நுழைந்த தடத்தையும் அவர் கண்முன்னே அழித்தேன். அவரை நம்பாமல் அல்ல, முறை என்றால் முறை. உட்கார்ந்து தேநீரைக் குடித்தால் அது இன்னும் சுடுகிறது.

அதோடு விட்டேனா? போலீசில் புகார், அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸுக்குப் புதுக் கடவுச்சொல், மின்னஞ்சலுக்குப் புதுக் கடவுச்சொல், இரண்டும் வெவ்வேறு, எங்கும் எழுதிவைக்கவில்லை. பிறகு அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கி, அனுப்ரியாவின் பழைய கைப்பேசியில் போட்டு, மூன்று மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பையும் மீட்டுவிட்டேன். இங்கே நாம் நுழைந்த நொடியே அங்கே அது மூடிக்கொள்ளும். எறும்புகூட உள்ளே போக வழியில்லை. பெயர்கள் மட்டும் திரும்பி வரவில்லை, சொந்தக்காரர்கள் எல்லாம் வெறும் எண்களாக வரிசையில் நின்றார்கள். அதிலும் என் அக்காவின் எண்ணைக் கண்டுபிடித்து, கல்யாண ஏற்பாடு பற்றி மாலையில் இரண்டு வரி அனுப்பினேன். அக்காவிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. வயதாகிவிட்டது, பாவம்.

நிச்சயதார்த்தத்தில் தாங்கள் மைக்கில் பேசிய பேச்சு திருடனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இந்தக் காலத்துத் திருடர்களுக்குத் தெரியாதது எது, சம்பந்தி? தங்களை “அக்கா” என்று எழுதியிருப்பதிலேயே ஆள் தெரியாதவன் வேலை என்பது விளங்கவில்லையா? அப்படிப்பட்டவன் சொல்லுக்காக இரண்டு பிள்ளைகளின் மனத்தை நோகவிட வேண்டாம். கோபத்தை விட்டுவிட்டு ஒரு முறை அழைப்பை எடுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. தங்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் கதவும் கணக்கும் என்றும் பத்திரமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
மருதப்பன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. முதலாவது, கைப்பேசி கிடைத்துவிட்டது. மேசை துடைக்கும் சீன அம்மா அதை அன்றைக்கே எடுத்துத் தேநீர்க் கடையில் பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறார். திரையில் இருந்த தமிழ் அவருக்கும் புரியவில்லை, கடைக்காரருக்கும் புரியவில்லை. இன்று காலை தோசை வாங்க வந்த ஒருவர் படித்துச் சொல்ல, போலீஸ் மூலம் எனக்குத் தகவல் வந்தது. ஆக, திருடன் என்று யாரும் இல்லை. இரண்டாவது, அனுப்ரியா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். “அப்பா, மூணு மணிக்கே எல்லாத்தையும் பூட்டிட்டேன்னு எழுதியிருக்கீங்க. மெசேஜ் போனது சாயங்காலம். ஒண்ணு உங்க பூட்டு சரியில்ல, இல்லாட்டி அனுப்புனது நீங்க. எதுன்னு சொல்லுங்க” என்றாள்.

வெகுநேரம் யோசித்தேன், சம்பந்தி. என் பூட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் எண் என்று நினைத்துத் தங்களுக்கு அனுப்பியது நான்தான். தப்புத்தான், மன்னித்துவிடுங்கள். கல்யாணத்தன்று மைக்கை நானே கொண்டுவந்து தங்கள் கையில் தருகிறேன். பேசும்போது என் கைப்பேசியை ஒருவராலும் திறக்க முடியாமல் போனதைப் பற்றியும் சொல்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.