ஒரு பெயர், மூன்று காகிதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் சாலையில் மூன்று மாதமாக ஒரே நெரிசல். ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். செல்போன் கடை மாடியில் 'பன்மொழிச் சித்தர்' பரசுராமன் குடியேறியிருக்கிறார். எழுபத்திரண்டு மொழி தெரியுமாம். உங்கள் பெயர் தமிழில் என்ன பொருள் தருகிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. வேறெந்த மொழியில் உங்களைக் கவிழ்க்கிறது என்று கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, 'சொல் ஜாதகம்' தருவார். பொருள் கெட்டதாக இருந்தால் பெயரை மாற்ற வேண்டும். புதுப்பெயரை வெள்ளித் தகட்டில் அவரே பொறித்துத் தருவார். தகட்டின் எடை வந்தவரின் வசதியைப் பொறுத்தது.

கிரேக்க நாட்டில் ஒரு சொல்லுக்கு என்ன பொருளாக இருந்தால் கவரைப்பேட்டைக்காரனுக்கு என்ன? யாரும் கேட்கவில்லை. காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு 'நாஷ்டா ஆச்சு' என்கிறோம். அந்தச் சொல் புறப்பட்ட பாரசீகத்தில் அதற்குப் பொருள் வெறும் வயிறு. அதற்காக எவன் வயிற்றிலிருந்தாவது இட்லி காணாமல் போயிருக்கிறதா? பணத்தைக் குறிக்கும் தெலுங்கு 'டப்பு' ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கம் தாண்டி வந்து எவ்வளவோ காலமாகிறது. சொல் வந்ததே தவிர, டப்பு வந்த பாடில்லை.

லட்சுமியம்மாளும் மாடி ஏறினார். நாலு ஏக்கர் நெல் நிலம், கழுத்தில் ரெட்டை வடச் சங்கிலி. மகன் அன்புசெல்வனுக்கு நிச்சயமான பெண்ணின் பெயரைச் சொன்னார்: நந்தினி. சித்தர் தடித்த 'கிரேக்க நூல்' ஒன்றைப் புரட்டினார். முகத்தைச் சுளித்தார். காகிதத்தில் எழுதினார்.

அன்று மாலையே லட்சுமியம்மாள் நந்தினி வீட்டு வாசலில் நின்றார்.

"பேர மாத்திக்கோம்மா. இல்லன்னா இந்தக் கல்யாணம் வாணாம். எனக்கு ஒரே புள்ள."

நந்தினிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. செத்துப்போன அப்பா வாய் நிறையக் கூப்பிட்ட பெயர். பக்கத்தில் அன்புசெல்வன் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். அம்மாவைத் தடுக்கவில்லை.

நந்தினி, இரும்புக் கம்பி ஆலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. முடிவில் சந்தேகம் வந்தால், ஒரே கம்பியைத் துண்டாக வெட்டி வேறு வேறு நம்பர் போட்டு மெஷினுக்கு அனுப்புவார்கள். முடிவு மாறி மாறி வந்தால் கோளாறு கம்பியில் இல்லை, மெஷினில்.

"மாத்திக்கிறேன் அத்தே. அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்டு. நாளைக்கு சாயங்காலம் அந்தக் காயிதத்த எட்துக்கினு சித்தரு மாடிக்கு வாங்க."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும், நந்தினி சொல்லிவைத்தபடி, அவள் ஆலை இன்ஜினியர் காயத்ரி, இன்ஜினியர்கள் மட்டும் போடும் வெள்ளை ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி மாடி ஏறினாள். மகள் பெயர் நந்தினி என்றாள். அரைமணி கழித்து, ஆலையில் கூட்டிப் பெருக்கும் முனுசாமி கிழிந்த சட்டையோடு போனார். அவருக்கும் மகள் பெயர் நந்தினிதான். வெளியே காத்திருந்த கூட்டத்தின் நடுவில், மூன்று காகிதத்தையும் நந்தினி லட்சுமியம்மாளிடம் கொடுத்தாள்.

"சத்தமா படிங்க அத்தே."

லட்சுமியம்மாள் தன் காகிதத்தை முதலில் படித்தார். "கிரேக்க மொழி. தாலி தங்காதவள். கால் கிலோ தகடு." அடுத்தது காயத்ரியுடையது. "கிரேக்க மொழி. கோட்டைக்குத் தீ வைப்பவள். ஒரு கிலோ தகடு." கடைசியில் முனுசாமியுடையது. "கிரேக்க மொழி. குபேரன் மகள். தோஷம் இல்லை."

சத்தம் கேட்டுச் சித்தர் வெளியே வந்தார்.

"இன்னா சாமி இது? ஒரே பேரு, ஒரே பாஷ. ஆளுக்கு ஒரு அர்த்தமா?" என்றார் லட்சுமியம்மாள்.

"ஆளுக்கு ஆள் கிரகம் மாறும்மா."

"கிரகம் மாறல சாமி. சங்கிலியும் ஹெல்மெட்டும்தான் மாறிச்சு," என்றாள் நந்தினி.

காயத்ரி உள்ளே போய் அந்த நூலைத் தூக்கிவந்தாள். "இது கிரேக்கமே இல்ல. சீனாக்காரன் மெஷினோட குட்த்த புக்கு. எங்க லேப்லயும் ஒண்ணு கீது. பாருங்க, மெஷின் படம் கூட போட்டுக்கீறான்."

"எனக்குப் பொண்ணே கெடையாது," என்றார் முனுசாமி. "ஆனா குபேரன்னு எழுதினத நான் திருப்பித் தர மாட்டேன்."

நந்தினி பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். ஏற்கெனவே தகடு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நின்ற ஒருவரின் வெள்ளித் தகட்டில் வைத்தாள். கப்பென்று ஒட்டிக்கொண்டது. காந்தம் இரும்பில் ஒட்டும், வெள்ளியில் ஒட்டாது என்பதைச் சிப்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுபத்திரண்டு மொழி தெரிந்தவருக்கு அப்போது கால்களின் மொழி ஒன்றுதான் கைகொடுத்தது. பின்பக்கப் படியை நோக்கி நடந்தார். அங்கேயும் கூட்டம் நின்றது.

லட்சுமியம்மாள் காகிதத்தை நாலாகக் கிழித்தார். "உன் பேரு அப்டியே இருக்கட்டும்மா. நான்தான் புத்தி கெட்டுப் பூட்டேன். எங்க ஊட்டுக்கு வா."

அம்மாவோடு வந்திருந்த அன்புசெல்வனை நந்தினி பார்த்தாள். அவன் இன்னும் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"உங்க ரிசல்ட்டு வந்துடுச்சு அத்தே. உங்க புள்ளையோடது இன்னும் வரல. வந்ததும் சொல்றேன்."

எங்கோ கட்டப்போகும் வீடு இடியக் கூடாது என்று தினமும் நூறு கம்பியை வளைத்து, இழுத்து, முறித்துப் பார்க்கிற ஊர் இது. தன் வீட்டை இடிக்க வந்தவன் பேச்சையும் ஒருதரம் வளைத்துப் பார்த்தால் என்னவாம்?