காலிப் படகுக்கு விழுந்த ஓட்டு

மனைவியை ஹைக்கூ வகுப்பிலிருந்து மீட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்தே தீருவது என்று தெட்சுவோ முடிவு செய்தார். மட்சுவே நகரக் குடிநீர் அலுவலகத்தில் காலமெல்லாம் குழாய்களை அடக்கி ஆண்டவர். ஓய்வு பெற்றபின் அடங்காமல் மிச்சமிருந்தது மனைவி மிசாவோ ஒருத்திதான்.

வியாழக்கிழமை வந்தால் போதும், உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் கலாசார மையத்துக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டில் அவரும் ஏரியும்தான். தினமும் போல ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி இருந்தால் கண் சொக்கும். சொக்கிய கண்ணுக்குள் சிப்பி அள்ளும் படகொன்றில் ஏறிப் பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டே இருப்பார். மதியம் பசி வந்து கரையில் இறக்கிவிடும்போது வீட்டில் குரல் கொடுக்க ஆள் இருக்காது. அப்போது அவருக்குப் பசியைவிட பயம்தான் அதிகம். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நானும் வகுப்புல சேரப் போறேன்."

"தத்துவ வகுப்புலயா? சும்மா உக்காந்து வெளிய பாக்கறதுக்கு எதுக்குங்க ஃபீஸு? வீட்டுலயே இலவசமா பண்றீங்களே."

"ஹைக்கூவுல. மாசக் கடைசிப் போட்டியில யாருக்கு ஓட்டு கம்மியோ அவங்க வகுப்பை விட்டுடணும். வியாழக்கிழமை சமையலும் அவங்கதான். சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் மிசாவோ, சிப்பி அலசிய கையை உதறியபடி. அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

போட்டியில் யாரும் பெயர் போடுவதில்லை. சீட்டுகளைக் கலைத்து வேறு கையால் படியெடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள். ஆளுக்கு இரண்டு கவிதைகளைத் தேர்ந்தெடுக்கலாம். சாதாரணத் தேர்வுக்கு ஒரு ஓட்டு, சிறப்புத் தேர்வுக்கு இரண்டு. தன்னுடையதைத் தானே எடுக்கக் கூடாது. தேர்ந்ததை வாசிக்கும்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்வார். தெட்சுவோவின் திட்டம் எளிமையானது: மிசாவோவின் வாடை அடிக்கும் எதையும் தொடக் கூடாது. பூனை, பூந்தொட்டி, பேத்தி எல்லாம் விலக்கு.

போட்டியன்று வெளியே ஏரி தெரியாத அளவுக்குப் பனி. நிஷிகோரி டீச்சரின் குரல் தாலாட்டுவதுபோல் இருந்தது. தாள் அவர் கைக்கு வந்தது. பூனை இருந்தது, தள்ளினார். பேத்தி இருந்தாள், தள்ளினார். அடுத்ததில் கண் நின்றுவிட்டது.

ஏரியெங்கும் பனி.
கரையில் நிற்பவனை
ஏற்றிப் போகிறது காலிப் படகு.

அறை கரைந்தது. நாற்காலி மெல்ல ஆடியது. துடுப்புச் சத்தம்கூடக் கேட்டது. எழுதியவள் யாராக இருக்கும்? பனியில் குடையோடு தனியே நடப்பவள். மெதுவாகப் பேசுபவள். சிப்பிக்காரனிடம் நிச்சயம் பேரம் பேசாதவள். அவருக்கு அவள்மேல் கொஞ்சம் காதலே வந்துவிட்டது. சிறப்புத் தேர்வு அதுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

தேர்வுகளை வாசித்தார்கள். மிசாவோவின் சிறப்புத் தேர்வு, வகுப்புக்கு வரும் ஒரு பல் டாக்டர் எழுதியதாக இருந்தது. சாதாரணத் தேர்வாக அவள் வாசித்தது இது:

இலையுதிர் காலம்.
மூடிய பானைக்குள்
ஒன்றுமில்லை.

"வெறுமையை ரொம்ப ஆழமாப் பாத்திருக்காங்க," என்றார் டீச்சர்.

"தெட்சுவோ," என்று தன் பெயரை அவர் எழுந்து நின்றே சொன்னார். ஒரு ஓட்டு. மிசாவோவின் பெயர் இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. வாசிக்கும் கடைசி முறை அவருடையது. வியாழக்கிழமைச் சிப்பிச் சூப்பின் வாசனை மூக்குக்கு எட்டிவிட்டது.

படகை உருகி உருகி வாசித்தார். அதோடு விட்டிருக்கலாம். "இதை எழுதினவங்க மனசே ஒரு ஏரிங்க. இப்படி ஒருத்தரோட குடித்தனம் பண்றவன் குடுத்து வெச்சவன்."

"எழுதினது யாரு?" என்றார் டீச்சர்.

"மிசாவோ," என்றது பக்கத்து நாற்காலி. இரண்டு ஓட்டு.

வீடு திரும்பும்போது பனி விலகி, ஏரி அந்திச் சிவப்பில் மயங்கிக் கிடந்தது.

"உன் பூனை எங்க போச்சு?" என்றார் தெட்சுவோ.

"பூனையை எழுதினா நீங்க தொடுவீங்களா?"

"அந்தப் படகு..."

"தினம் காலையில அதுலதானே ஏறிப் போறீங்க. டீயை வெச்சுக்கிட்டு பின்னாடி நிக்கறவளுக்குத் தெரியாதா?"

இத்தனை நாளும் படகில் தான் தனியாகத்தான் இருப்பதாக நினைத்திருந்தார்.

"அப்ப என் பானைக்கு எதுக்கு ஓட்டுப் போட்டே?"

"வெறுங்கையோட வந்தா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பீங்க. அது வியாழக்கிழமை காலியாக் கெடக்கற நம்ம பானைன்னு எனக்குத் தெரியாதா?"

"சரி, தோத்துட்டேன். ஆனா எனக்குச் சமைக்கத் தெரியாதே," என்றார் தெட்சுவோ, கடைசித் துருப்புச் சீட்டாக.

"அதே மையத்துல கீழ் மாடியில ஆம்பளைங்களுக்குச் சமையல் வகுப்பு நடக்குதுங்க. போன வாரமே உங்க பேரைக் குடுத்துட்டேன்."