வேட்பாளர் தட்டில் இடுப்பெலும்பு

புகைப்படத்தை இணையத்தில் ஏற்றி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் முந்நூறு பேர் ஒரு எலும்பைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

“அண்ணே, உங்க படம் பிச்சுக்கிட்டுப் போகுது,” என்றான் நூர்காஸி.

பதினோரு ஆண்டுகள் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு நாளிதழுக்கு அரசியல் கட்டுரை எழுதியவன் அவன். இப்போது நரின் நகரமன்றத் தேர்தலில் நிற்கும் கால்நடை மருத்துவர் தொக்தோசுனுக்கு இணையப் பிரச்சாரம் செய்கிறான். தொக்தோசுன் ஜெயித்தால் அடுத்த முறை மாகாணம் முழுவதற்குமான பிரச்சாரம் நூர்காஸி கைக்கு வரும் என்று கட்சி சொல்லியிருந்தது. தோற்றால் நாளிதழுக்கே திரும்ப வேண்டியதுதான். அங்கே ராசிபலன் பக்கம் மட்டுமே காலியாக இருந்தது.

தொக்தோசுனின் மனைவி ஜீபெக் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். “என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சியா தம்பி? திட்டுறாங்க.”

ஊரின் பெரிய குடும்பத்துக்காரர் தூரன்பெக், தனக்குப் பேரன் பிறந்ததற்கு வைத்த விருந்தில் எடுத்த படம் அது. தொக்தோசுன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தட்டில் ஆட்டின் இடுப்பெலும்பு. ஊர் வழக்கப்படி இடுப்பெலும்பு சபையிலேயே மூத்தவருக்கு உரியது. தொக்தோசுனுக்கு வயது நாற்பத்தாறு. படத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த அசன்குல் தாத்தாவுக்கு எண்பத்துநான்கு.

‘பெரியவரின் எலும்பைப் பிடுங்கித் தின்பவன் மேய்ச்சல் நிலத்தை விட்டுவைப்பானா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நானூறு பேருக்கு அது பிடித்திருந்தது.

“எப்படிண்ணே உங்க தட்டுக்கு வந்துச்சு?”

“கை கழுவிட்டு வந்து உக்காந்தேன். தட்டுல இருந்துச்சு. பசி வேற.”

“தாத்தாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டா என்ன?” என்றாள் ஜீபெக்.

“அக்கா, அரசியல்ல யாரையும் எதுவும் கேக்கக் கூடாது. நாமதான் சொல்லணும்.”

சொல்லிவிட்டு நூர்காஸி மடிக்கணினியைத் திறந்தான். கால் மணி நேரத்தில் இடுப்பெலும்பு விலா எலும்பாக மாறியது. நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. புதிய படத்தை ஏற்றிவிட்டு, பழையதை அழித்தான்.

பழைய படத்தை ஊரே சேமித்து வைத்திருந்தது. மதியத்துக்குள் இரண்டு படங்களும் அக்கம்பக்கமாக உலா வந்தன. ‘எலும்பை மாற்றுபவன் ஓட்டை மாற்ற மாட்டானா?’

“இதுவும் நல்லதுதாண்ணே. உங்க பேரு இப்ப எல்லாருக்கும் தெரியும்,” என்றான் நூர்காஸி. “மிச்சத்தை ஒரு கட்டுரை பாத்துக்கும்.”

தொக்தோசுனின் பெயரில் அவன் எழுதிய கட்டுரைக்கு ‘விலா எலும்பே எனக்குப் போதும்’ என்று தலைப்பு. அந்த விருந்தில் தனக்கு விலா எலும்புதான் கிடைத்தது, எளிய மனிதனுக்கு எளிய பங்கு, தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன் என்று அது போனது. கடைசிப் பத்தியை அவன் தனக்குத்தானே இரண்டு முறை சத்தமாகப் படித்துக்கொண்டான்.

மாலையில் தூரன்பெக் கூப்பிட்டார். தொக்தோசுன் ஸ்பீக்கரில் போட்டார்.

“தொக்தோசுன், என்னய்யா எழுதியிருக்கான் உன் ஆளு? என் வீட்டுக்கு வந்த வேட்பாளருக்கு நான் விலா எலும்பா போட்டேன்? சம்பந்தி வீட்ல கைகொட்டிச் சிரிக்கிறாங்க. எங்க வம்சத்துல நூத்தியெண்பது ஓட்டு இருக்கு, ஞாபகம் வெச்சுக்க.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

“தம்பி, காலையில ஒரு எலும்புதான் பிரச்சினை,” என்றார் தொக்தோசுன். “இப்ப ரெண்டு.”

“நாளைக்கு ஒண்ணும் இருக்காதுண்ணே. நேரலை போடறோம்.”

மறுநாள் பிரச்சாரத்தின் கடைசி நாள்; மாலைக் கெடுவுக்குப் பிறகு எதையும் பதிவிடக் கூடாது என்பது தேர்தல் விதி. ஆட்டை வேகவைத்து எடுத்துக்கொண்டு, தூரன்பெக்கையும் கெஞ்சிக் காரில் ஏற்றிக்கொண்டு, அசன்குல் தாத்தாவின் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு மலையேறினார்கள். தாத்தாவின் கூடாரத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. அங்கே விரித்த கம்பளத்தைக் காற்று தூக்கியது. நான்கு மூலையிலும் கல் வைத்து, தாத்தாவை நடுவில் உட்காரவைத்தார்கள்.

“என்ன விசேஷம்?” என்று கேட்டார் தாத்தா.

“நீங்க சும்மா உக்காருங்க தாத்தா. எல்லாம் நாங்க பாத்துக்கறோம்,” என்று நூர்காஸி கைப்பேசியை உயர்த்தினான்.

பதினான்காயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொக்தோசுன் மண்டியிட்டு, இடுப்பெலும்பு இருந்த தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினார். “தாத்தா, இது உங்க உரிமை.” அந்த வரியும் நூர்காஸி எழுதியதுதான்.

தாத்தா எலும்பைப் பார்த்தார். தொக்தோசுனைப் பார்த்தார். தட்டைத் திருப்பித் தள்ளினார்.

“எனக்கு வேணாம்.”

திரையில் பார்வையாளர்கள் அனுப்பிய கோபச் சிவப்பு முகக்குறிகள் வரிசையாக மேலேறின. தொக்தோசுன் மறுபடி நீட்டினார். தாத்தா மறுபடி தள்ள, கொழுப்பு வேட்பாளரின் கால்சட்டையில் வழிந்தது.

“அன்னைக்கே நான்…” என்று கையை ஓங்கியபடி தாத்தா ஆரம்பித்தார்.

நூர்காஸியின் பதினோரு ஆண்டு அனுபவம் விழித்துக்கொண்டது. அடுத்த வார்த்தை சாபம்தான். பிரச்சாரம் முடிய ஒரே நிமிடம் இருந்தது. கட்டைவிரலை அழுத்தி நேரலையைத் துண்டித்தான். மண்டியிட்ட வேட்பாளரும் கையோங்கிய கிழவருமாகக் கடைசிக் காட்சி திரையில் உறைந்து நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் முடிந்திருந்தது. இனி யாரும் எதையும் பதிவிட முடியாது.

“கவலைப்படாதீங்கண்ணே,” என்றான் நிதானமாக. “அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நிறுத்திட்டேன்.”

அசன்குல் தாத்தா உதட்டை விரலால் இழுத்து, வெறும் ஈறைக் காட்டினார். “பல்லில்லாத நான் இதை வெச்சு என்னடா பண்ணுவேன்? அதனாலதானே அன்னைக்கும் என் பங்கை நானே எடுத்து இவன் தட்டுல வெச்சேன்.”